திருவருகைக் காலமும் விருந்தினர் அறையும்

யாங்கோனில் கைப்பேசிக் கடை ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எனக்கு மூன்று கேள்விகளை எழுதியிருந்தார். டிசம்பர் பிறக்கும் நள்ளிரவில் ‘ஸ்வீட் டிசம்பர்’ பாடத் தொடங்கி, 24-ஆம் தேதி வரை வீடு வீடாகக் கீதம் பாடி, கோயிலைச் சோடித்து, குடில் கட்டி, எல்லாம் முடிந்து 25-ஆம் தேதி மாலையில் உட்கார்ந்தால் உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை என்ற எண்ணம் ஆண்டுதோறும் வருகிறது. கிறிஸ்துவின் வருகைக்கு உள்ளத்தை ஆயத்தம் செய்வது என்றால் உண்மையில் என்ன என்பது அவருடைய முதல் கேள்வி. நாடு இருக்கும் நிலையில், மகிழுங்கள் என்று சொல்லும் திருவருகைக் காலத்தை, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய அந்த வாரங்களை, மனச்சாட்சியோடு எப்படிக் கடைப்பிடிப்பது என்பது இரண்டாவது கேள்வி. தமிழ் பேச வருகிறது, படிக்கத் தடுமாறுகிறது, பாட்டி சொல்லும் பழைய செபங்களில் பாதி விளங்கவில்லை, அப்படியிருக்கத் தாம் எந்த மொழியில் மன்றாடுவது என்பது மூன்றாவது. நாற்பது ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதுகிறேன். முதல் கேள்விக்குத்தான் அதிக இடம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதற்குள்தான் அடங்கியிருக்கின்றன.

தம்பி, சொல்லிலிருந்தே தொடங்குவோம். நாம் ‘வருகை’ என்று சொல்வதற்கு இலத்தீன் மொழியில் ‘அத்வெந்துஸ்’ என்று பெயர். பேரரசனோ உயர் அதிகாரியோ ஒரு நகருக்கு எழுந்தருளுவதை உரோமையர் அந்தச் சொல்லால் குறித்தார்கள். புதிய ஏற்பாட்டில் வரும் ‘பரூசியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் இதே பொருள் உண்டு. நீங்கள் இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, கண்ணாலேயே கண்டிருப்பீர்கள். 2017 நவம்பர் இறுதியில் திருத்தந்தை பிரான்சிஸ் நம் நாட்டுக்கு வந்து, 29-ஆம் தேதி காலையில் கியைக்கசான் மைதானத்தில் திருப்பலி நிறைவேற்றியபோது, ஏறத்தாழ 1,50,000 பேர் கூடினார்கள் என்று மதிப்பிட்டார்கள். கச்சின் மலையிலிருந்தும் சின் மலையிலிருந்தும் நாள்கணக்கில் பயணம் செய்து வந்தவர்கள் கோயில் வளாகங்களில் படுத்துறங்கி, விடியும் முன்பே எழுந்து, பனியில் வரிசையில் நின்றார்கள். வருபவர் யார் என்பதும், எந்த நாளில் வருகிறார் என்பதும், அவரைக் காண்பதற்குத் தாங்கள் எதையெல்லாம் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. அடுத்த ஞாயிறு, டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. முந்தைய புதன்கிழமை மைதானத்தில் கண்ட அந்த விழிப்பு அன்றைய வழிபாட்டில் என்னிடம் இல்லை என்பதை நான் வருத்தத்தோடு உணர்ந்தேன். அந்த வருத்தத்திலிருந்துதான் இந்தக் காலத்தைப் பற்றி நான் மறுபடியும் படிக்கத் தொடங்கினேன்.

படித்தபோது முதலில் தெளிவானது இது: கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட இக்காலத்தை, அந்த விழாவுக்கான முன்னேற்பாடாக மட்டும் திருச்சபை அமைக்கவில்லை. நவம்பர் 30-ஆம் தேதிக்கு, அதாவது புனித அந்திரேயா திருநாளுக்கு, மிக அருகில் உள்ள ஞாயிறன்று தொடங்கும் இக்காலம் ஆண்டைப் பொறுத்து 22 முதல் 28 நாள்கள் வரை நீடிக்கும். இதன் முதல் ஞாயிற்று நற்செய்தியில் குழந்தையும் இல்லை, இடையரும் இல்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா என்று மூன்று ஆண்டுச் சுழற்சியில் எந்த நற்செய்தி வாசிக்கப்பட்டாலும், அன்று நாம் கேட்பது இறுதிநாளில் மானிட மகன் மாட்சியோடு வருவதைப் பற்றியும், விழித்திருங்கள் என்ற கட்டளையைப் பற்றியும்தான். டிசம்பர் 16 வரையிலான வழிபாடு பெரும்பாலும் அந்த இரண்டாம் வருகையை நோக்கியே நம்மைத் திருப்பி வைக்கிறது. 17-ஆம் தேதி முதல்தான் பெத்லகேமை நோக்கி நேரடியாகத் திரும்புகிறோம். பிறப்பு ஒருமுறை நடந்து முடிந்துவிட்டது. அதை நன்றியோடு நினைவுகூரலாமே தவிர, அது நடப்பதற்கு நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஆயத்தம் என்ற சொல் பொருள் பெறுவது, இனிமேல் ஒருவர் வரப்போகிறார் என்று நாம் உண்மையாகவே நம்பும்போதுதான். ஞாயிறுதோறும் நம்பிக்கை அறிக்கையில் அவர் மாட்சியுடன் மீண்டும் வருவார் என்று சொல்கிறோம், திருப்பலியின் நடுவில் ‘நீர் வருமளவும்’ என்கிறோம், நாள்தோறும் ‘உமது ஆட்சி வருக’ என்று கேட்கிறோம். கேட்டுவிட்டு, கேட்டது கிடைத்தால் நம் வீட்டில் என்னென்ன மாற வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் எழுந்துவிடுகிறோம்.

இவ்விரு வருகைகளுக்கும் இடையில் மூன்றாவது ஒன்று உண்டு என்று 12-ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவரான புனித பெர்னார்து போதித்தார். முதல் வருகை பலவீனமான உடலில் நடந்தது, கடைசி வருகை மாட்சியில் நடக்கும், இடையில் உள்ள வருகை கண்ணுக்குப் புலப்படாமல் இன்று உள்ளத்தில் நடக்கிறது என்பது அவருடைய போதனையின் சாரம். உங்கள் கேள்விக்குரிய இடம் இந்த மூன்றாம் வருகைதான். 25-ஆம் தேதி மாலையில் நீங்கள் உணரும் வெறுமைக்குக் காரணம் உங்களுக்குப் பக்தி குறைவு என்பதன்று. ஒருவர் வந்து தங்குவதற்கு இடம் வைக்காமலேயே நாம் அவருடைய வருகையைக் கொண்டாடி முடித்துவிடுகிறோம் என்பதே காரணம்.

இடம் வைப்பது என்பதை நம் ஊர் வழக்கத்தைக் கொண்டே விளக்குகிறேன். நம் வீட்டில் இரவு தங்குவதற்கு வெளியூரிலிருந்து யாராவது வந்தால், வட்டார நிர்வாக அலுவலகத்துக்குப் போய் விருந்தினர் பதிவில் அவருடைய பெயரை எழுத வேண்டும் என்பதை நீங்கள் சிறு வயது முதல் அறிவீர்கள். வருகிறவருடைய முழுப் பெயர், எங்கிருந்து வருகிறார், நமக்கு என்ன உறவு, எத்தனை இரவு தங்குவார் என்றெல்லாம் சொல்ல வேண்டியிருப்பதால், விருந்தாளி வருவதற்கு முன்பே வீட்டுக்காரர் அவரைப் பற்றி யோசித்தாக வேண்டியிருக்கிறது. இதை நினைத்துக்கொண்டு லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைப் படியுங்கள். அங்கேயும் ஒரு பதிவுதான் நடக்கிறது. யோசேப்பு தம் பெயரைப் பதிவு செய்யத் தம் முன்னோரின் ஊருக்குப் போகிறார், போன இடத்தில் மரியாவுக்குப் பேறுகாலம் வருகிறது, அவர்களுக்கு ‘இடம் கிடைக்கவில்லை’. சத்திரக்காரன் கதவைச் சாத்தியதாக நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் நாடகம் போடுகிறார்கள். நற்செய்தியில் சத்திரக்காரன் என்று ஒருவர் இல்லவே இல்லை. லூக்கா அங்கே எழுதியுள்ள ‘கத்தாலுமா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு விருந்தினர் தங்கும் அறை என்று பொருள் கொள்ளலாம். இயேசு தம் சீடரோடு இறுதி இராவுணவு உண்ட அறைக்கும் 22-ஆம் அதிகாரத்தில் லூக்கா இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். நல்ல சமாரியர் உவமையில் வரும் வழிப்போக்கர் சத்திரத்துக்கு அவர் வேறொரு சொல்லை எழுதுகிறார். ஆகவே பெத்லகேமில் நடந்ததைப் பெரும்பாலும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள்: உறவினர் வீட்டில் விருந்தினருக்கென்று இருந்த அறை, பதிவுக்காக முன்பே வந்தவர்களால் நிறைந்துவிட்டது, எனவே தீவனத்தொட்டி இருந்த பக்கத்தில் குழந்தையைக் கிடத்தினார்கள்.

இந்த வாசிப்பை நான் மிகவும் பெரிதாக மதிக்கிறேன். அந்த வீட்டார் கொடியவர்கள் அல்லர். அவர்கள் வீடு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். அறையை நிறைத்தவர்களும் தாவீதின் குலத்தைச் சேர்ந்த நல்ல மனிதர்களாகவே இருந்திருப்பார்கள். நம் டிசம்பரும் அப்படிப்பட்டதுதான். அதை நிறைப்பவை பெரும்பாலும் பாவங்கள் அல்ல, நல்ல காரியங்கள். கரேன், சின், கச்சின் சகோதரர்களிடமிருந்து நாமும் எடுத்துக்கொண்ட ‘ஸ்வீட் டிசம்பர்’ இரவை நான் குறை சொல்ல மாட்டேன். நள்ளிரவில் கிதாரோடு நூறு பேர் சேர்ந்து பாடும்போது எனக்கும் கண் கலங்கும். ஆனால் டிசம்பர் முதல் தேதியிலேயே ‘பிறந்தார்’ என்று பாடிவிட்டால், வரப்போகிறவருக்காக ஏங்குவதற்கு நாள் மிஞ்சுவதில்லை. மூன்று வாரம் விருந்து உண்டவனுக்குத் திருநாள் அன்று பசி எப்படி இருக்கும்? உங்கள் குழுவைப் பாடக் கூடாது என்று நீங்கள் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு இரவுகள் நீங்கள் மட்டும் போகாமல் இருங்கள். அந்த இரண்டு இரவுகளிலும் கைப்பேசியை அணைத்து அடுத்த அறையில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இறைவன் முன் அமர்ந்திருங்கள். பகல் முழுவதும் கைப்பேசிகளோடு வாழும் உங்களுக்கு இது கடினம் என்பதை அறிந்துதான் சொல்கிறேன். முதல் இரவில் பயனற்றதாகத் தோன்றும். மூன்றாவது அல்லது நான்காவது இரவில், பகலில் நீங்கள் நினைக்க விரும்பாமல் தள்ளி வைத்திருந்த ஒருவருடைய முகம் தானாக எழுந்து வரும். அந்த முகத்திடமிருந்து ஓடாதீர்கள், ஏனென்றால் அறையை முதலில் காலி செய்ய வேண்டிய மூலை அதுதான்.

எனக்கு அப்படி எழுந்தது என் அண்ணனுடைய முகம். எங்கள் தாயார் இறந்த பிறகு, தன்லினில் இருந்த ஒரு சிறு மனையை விற்ற பணத்தைப் பங்கிட்டதில் நான் என் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டேன். மருத்துவச் செலவு முழுவதையும் நானே செய்தேன் என்று அப்போது எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆறு ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. அந்த ஆறு ஆண்டுகளிலும் நான் திருவருகைக் காலத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன், மெழுகுவர்த்தி ஏற்றினேன், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமும் செய்தேன். ஒவ்வொரு முறையும் ‘உறவினரோடு மனத்தாங்கல்’ என்று இரண்டு சொல்லில் கடந்துவிடுவேன். ஓர் ஆண்டு புதிதாக வந்திருந்த இளங்குரு அந்த இரண்டு சொல்லை விடவில்லை. எவ்வளவு பணம் என்று கேட்டார். சொன்னேன். தன்லினுக்குப் பேருந்தில் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். அதையும் சொன்னேன். வேறொன்றும் கேட்காமல் பாவமன்னிப்பு வழங்கிவிட்டு, வியாழக்கிழமை போய் வாருங்கள் என்றார்.

ஆற்றைக் கடந்து போகும்போது கையில் பணமும் வயிற்றில் கலக்கமுமாக இருந்தது. பெரியவர்கள் சிரியம் என்று அழைத்த அந்த ஊரில், 18-ஆம் நூற்றாண்டில் பர்னபைட் சபைத் துறவியர் எழுப்பிய ஆலயத்தின் கூரையற்ற செங்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அங்கே இறங்கி, துணிவு வரும்வரை அந்தச் சுவர் நிழலில் நின்றிருந்தேன். அண்ணன் வாசலில் சைக்கிள் சக்கரம் ஒன்றைக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வந்ததைச் சொல்லி, பணத்தை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார், எண்ணிப் பார்த்தார், ‘சரி’ என்றார். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. அந்தக் கிறிஸ்து பிறப்புக்கும் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து, என் மகளின் திருமணத்துக்குத்தான் வந்தார். ஆனால் அந்த ஆண்டு நள்ளிரவுத் திருப்பலியில், பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக, நான் யாரையோ உண்மையிலேயே எதிர்பார்த்து நின்றேன் என்பதை இன்றும் மறக்கவில்லை.

இதை நான் சொல்வதற்குக் காரணம், ஆன்மிக ஆயத்தம் என்றதும் உருக்கமான உணர்வுகளைத் தேடும் பழக்கம் நம்மிடம் இருப்பதுதான். யோர்தான் கரையில் திருமுழுக்கு யோவானிடம் வந்த மக்கள் ‘நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்டார்கள். லூக்கா ஆண்டில் மூன்றாம் ஞாயிறன்று இப்பகுதி வாசிக்கப்படுகிறது. அவர் அவர்களைப் பாலைநிலத்தில் தம்மோடு தங்கச் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். வரி தண்டுவோரிடம் விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். படைவீரரிடம் யாரையும் அச்சுறுத்திப் பணம் பறிக்காதீர்கள், கிடைக்கும் ஊதியமே போதும் என்றிருங்கள் என்றார். மூன்று பதில்களிலும் துணி, உணவு, பணம் என்று கைக்குப் பிடிபடும் பொருள்களே வருகின்றன. கடையில் விலை சொல்வதில், பழுதுபார்த்த கைப்பேசியில் எந்த உதிரிப்பாகத்தைப் போட்டோம் என்று வாடிக்கையாளரிடம் சொல்வதில், உங்களுக்கென்று யோவான் வைத்திருக்கும் பதில் இருக்கக்கூடும். அதை உங்களைவிட நன்றாக நான் அறிய முடியாது.

நம் பௌத்த அயலாரிடமிருந்து இங்கே நாம் கற்றுக்கொள்ளலாம். அக்டோபரில் வரும் ததிங்யுட் முழுநிலவு நாளில், தேவலோகத்தில் தம் தாயாருக்கு அறம் உரைத்த புத்தர் பூமிக்கு இறங்கி வருவதை வரவேற்று அவர்கள் வீடெல்லாம் விளக்கேற்றுகிறார்கள். அந்நாள்களிலேயே இளையவர்கள் பெற்றோர், ஆசிரியர், பெரியவர் முன் மண்டியிட்டு, ஆண்டு முழுவதும் அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். ‘கடொ’ என்று நமக்கெல்லாம் தெரிந்த அந்த வணக்கத்தை நானும் என் பர்மிய ஆசிரியருக்குச் செய்திருக்கிறேன். விளக்கும் மன்னிப்பும் ஒன்றாகவே வர வேண்டும் என்பது அவர்களுக்கு இயல்பாகத் தெரிந்திருக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தைக் கையில் வைத்திருக்கும் நாம் அதை 24-ஆம் தேதி மாலை வரிசையில் ஐந்து நிமிடமாகச் சுருக்கிவிடுகிறோம். இரண்டாம் ஞாயிறுக்கு முன்பே போய்விடுங்கள். பாவமன்னிப்புக்குப் பிறகு செய்ய வேண்டிய காரியங்களுக்கு நாள்கள் தேவைப்படும்.

நோன்பைப் பற்றியும் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். 5-ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11-ஆம் தேதியான புனித மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு இருக்கும்படி ஏற்படுத்தினார். கீழைத் திருச்சபைகளில் இன்றும் இக்காலத்தில் நோன்பு உண்டு. நம் இலத்தீன் வழிபாட்டு முறையில் இன்று அது கடமை இல்லை. இருந்தாலும் வாரம் ஒரு நாள் மதிய உணவை விட்டு, அந்தப் பணத்தைத் தெரிந்த ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுப்பது நல்லது. இக்காலத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தி ஏற்றும் வளையத்தைப் பொறுத்தவரை, அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. அதைத் தொடங்கியவர் ஹம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய வீகெர்ன் என்ற லூத்தரன் போதகர். கிறிஸ்து பிறப்பு எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக, 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுவர்த்திகளை நிறுத்தி நாளுக்கு ஒன்றாக ஏற்றினாராம். நம் வீடுகளில் மின்சாரம் போனதும் எரியும் மெழுகுவர்த்தியே அந்த வேலையைச் செய்யும். விளக்கு அணைந்த அந்த நேரத்தைச் சலிப்போடு கழிக்காமல், மெழுகுவர்த்தியை ஏற்றியவுடன் ‘ஆண்டவரே, வாரும்’ என்று ஒருமுறை சொல்லிப் பழகுங்கள். ‘மாரனாத்தா’ என்று முதல் கிறிஸ்தவர்கள் அரமேய மொழியில் சொன்ன மன்றாட்டு அது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் முடிவில் அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்.

எசாயா நூலின் 40-ஆம் அதிகாரத்தை இக்காலத்தில் கட்டாயம் கேட்பீர்கள்: ஆண்டவருக்கு வழியை ஆயத்தமாக்குங்கள், பள்ளத்தாக்கெல்லாம் நிரப்பப்படும், மலை குன்றெல்லாம் தாழ்த்தப்படும். இதைக் கேட்கும்போதெல்லாம் மழைக்காலம் முடிந்ததும் நம் சாலைகளில் வேலை செய்யும் பெண்களைத்தான் நினைத்துக்கொள்வேன். முகத்தில் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசி, தலையில் கூடையில் கல் சுமந்து, ஒரு பள்ளத்தில் கொட்டிவிட்டு மறுபடி நடந்து போய்க் கல் அள்ளி வருவார்கள். மாலையில் பார்த்தால் பத்தடி தூரம் சமமாகியிருக்கும். உள்ளத்தின் பள்ளமும் அப்படிக் கூடை கூடையாகத்தான் நிரம்பும். நான்கு வாரத்தில் முழுச் சாலையும் போட்டு முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்குகிறவர்கள் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மூன்றாம் ஞாயிறை மகிழ்ச்சி ஞாயிறு என்று அழைத்து, ஊதா நிறத்துக்குப் பதில் ரோஜா நிறத் திருவுடை அணிய அனுமதிக்கிறார்கள். ‘ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்’ என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதிய சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. அதை எழுதியபோது பவுல் விலங்கிடப்பட்டுச் சிறையில் இருந்தார். மத்தேயு ஆண்டில் அதே ஞாயிற்றின் நற்செய்தியில் யோவானும் சிறையில் இருக்கிறார். வரவிருப்பவர் நீர்தாமா, அல்லது வேறொருவரை எதிர்பார்க்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று சொல்லி அனுப்புகிறார். யோவானுக்குச் சிறைக்கதவு திறக்கவில்லை, அவர் அங்கேயே கொல்லப்பட்டார். திருச்சபை மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயரிட்ட நாளில் இந்தப் பகுதியை வாசிக்க வைத்திருப்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். துன்பம் இல்லாதது போல் நடிப்பதற்கு இக்காலம் நம்மை அழைக்கவில்லை. கேள்வியை மறைக்காமல் அவரிடமே அனுப்பச் சொல்கிறது.

போத்தடவுங் பகுதியில் உள்ள நம் மரியன்னை பேராலயத்துக்குள் போகும்போது அதன் சன்னல்களைப் பாருங்கள். 1911-இல் அருட்பொழிவு செய்யப்பட்ட அந்தச் செங்கல் ஆலயம் 1930-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றது. 1944 டிசம்பர் 14-ஆம் தேதி, நேச நாட்டு விமானங்கள் நகரின் மேல் குண்டு போட்டபோது அதன் பழைய வண்ணக் கண்ணாடிகள் நொறுங்கின. அது திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம். என் தாய்வழிப் பாட்டனார் பேசும்போது அதற்கும் முந்தைய 1942-ஐப் பற்றியே பேசுவார். அந்த ஆண்டு நம்மவர்கள் இலட்சக்கணக்கில் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் இந்தியாவுக்கு நடந்தார்கள், போனவர்களில் பலர் வழியிலேயே விழுந்தார்கள். அவருடைய தம்பி கிளம்பிப் போனார், செய்தி வரவில்லை. 1964-க்குப் பின் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்களில் என் பெரியம்மா ஒருவர். அவரிடமிருந்து கடிதம் வரும் நாளில் என் தாயார் சமையல் முடித்து, குளித்து, நல்ல புடவை உடுத்திக்கொண்டுதான் அதைப் பிரிப்பார். கடிதம் வராத மாதங்களிலும் அவருக்கு எழுதுவதை நிறுத்தியதில்லை. காத்திருத்தல் என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதல்ல என்பதை எந்த மறைநூலுக்கும் முன்னால் நான் அவரிடம்தான் கற்றேன். பர்மாத் தமிழர் குடும்பங்களில் இப்படிக் காத்திருந்தவர்கள் இல்லாத குடும்பம் அரிது. நாட்டைப் பற்றி உங்களுக்குள் இருக்கும் துயரத்தை விழாவுக்கு இடையூறு என்று ஒதுக்காமல், அதையே மன்றாட்டாக்குங்கள். டிசம்பர் 17 முதல் 23 வரை, திருச்சபையின் மாலைச் செபமான மாலைப் புகழ்மாலையில் மரியாவின் பாடலுக்கு முன்பாகப் பாடப்படும் ஏழு அழைப்புகள் அதற்கு உதவும். ஞானமே, இஸ்ரயேலின் தலைவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதிக்கும் கதிரே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே என்று நாளுக்கு ஒரு பெயராகக் கிறிஸ்துவை அழைத்து, ‘வாரும்’ என்று கேட்கிறோம். இலத்தீனில் இந்த ஏழு பெயர்களின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் ‘நாளை இருப்பேன்’ என்று பொருள்படும் சொற்கள் கிடைக்கின்றன. 20-ஆம் தேதியின் அழைப்பு, திறவுகோலாகிய அவரிடம், இருளிலும் சாவின் நிழலிலும் கட்டுண்டு கிடப்போரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவரும்படி மன்றாடுகிறது. அன்று உங்களுக்குத் தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்றாடுங்கள்.

மொழியைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடியும். டிசம்பர் 3-ஆம் தேதி நாம் கொண்டாடும் புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. மொழி தெரிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தடுமாறித் தடுமாறிச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய உச்சரிப்பில் பிழை மலிந்திருக்கும், அந்தச் செபங்களோ நிலைத்தன. அவரும் காத்திருந்தபடியே இறந்தவர்தான். சீனாவுக்குள் கொண்டுபோவதாக வாக்களித்த வணிகரின் படகை எதிர்பார்த்து, 1552 டிசம்பர் 3-ஆம் தேதி சாங்சுவான் தீவில் உயிர் நீத்தார். ஆகவே விவிலியத்தை உங்களுக்கு ஓடும் மொழியில், பர்மிய மொழியில், தயக்கமின்றிப் படியுங்கள். எசாயா உங்கள் உள்ளத்துக்குள் போவதுதான் முக்கியம். ஆனால் பாட்டியின் தமிழையும் விட்டுவிடாதீர்கள். அவர் மாலையில் சொல்லும் மூவேளை செபம் முழுவதுமே திருவருகைக் காலத்துச் செபம்: வானதூதர் வருகிறார், மரியா இசைகிறார், வாக்கு மனிதராகி நம்மிடையே குடிகொள்கிறார். ‘சம்மனசு’ என்றும் ‘மங்கள வார்த்தை’ என்றும் அவர் சொல்லும்போது விளங்காவிட்டால், அதற்கு என்ன பொருள் பாட்டி என்று கேளுங்கள். அவர் விளக்கம் சொல்லத் தொடங்கினால், அந்தச் செபத்தைத் தமக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார், எந்த ஊரில், எந்த வயதில் என்பதும் கூடவே வரும். டிசம்பர் மாலை ஆறு மணிக்கு நம் தெருவில் பெரும்பாலும் மின்சாரம் இருக்காது. கடையிலிருந்து வாரத்தில் ஒரு நாளாவது அந்த நேரத்துக்குள் வீடு திரும்ப முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், பாட்டிக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, அவர் ஒரு வரி சொல்ல நீங்கள் அடுத்த வரியைச் சொல்லுங்கள்.